மூன்று இதயமா மையக்கருத்து?

தேவகோட்டையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்:

"என் மகன் மூன்றாம் வகுப்பு படிக்கிறான். சாயங்காலம் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் நாலு பேரும் வந்து அவனோடு எங்கள் வீட்டு முகப்பில் உட்காருவார்கள். ஒன்றாம் வகுப்பிலிருந்து நான்காம் வகுப்பு வரை கலந்த கூட்டம். இப்போது கடல்வாழ் உயிரினங்களைப் பற்றி வாசித்துக்கொண்டிருக்கிறோம். ஆசையாகத்தான் வாசிக்கிறார்கள். ஆனால் 'இந்தப் பத்தியின் மையக்கருத்து என்ன?' என்று கேட்டால், ஒருத்தி 'பேய்க்கணவாய்' (ஆக்டோபஸ்) என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறாள். என் மகன் 'அதுக்கு மூணு இதயம்' என்கிறான். நான்காம் வகுப்புப் பையன் பத்தி முழுவதையும் ஒப்பிக்கிறான். 'முதல் வரிய எழுதச் சொல்லு, அதான் விடை' என்கிறார் மகனின் ஆயா (பாட்டி). நானும் அப்படித்தான் படித்தேன். இவர்களில் யாரும் கடலைக் கிட்டத்தில் பார்த்ததுகூட இல்லை. எங்கிருந்து தொடங்குவது?"

அன்புச் சகோதரிக்கு,

பிள்ளைகளுக்குப் புரியவில்லை என்று பொதுவாக எழுதாமல், ஒவ்வொருவரும் என்ன விடை சொன்னார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்கு நன்றி. மூன்றும் மூன்று வேறு கோளாறுகள். மூன்றுக்கும் ஒரே மருந்து போட்டால் ஒருவருக்கும் கேட்காது.

முதலில் ஆயா சொன்னதை எடுத்துக்கொள்வோம். முதல் வரிதான் விடை என்பது பல பாடங்களில் பலிக்கும். அதனால்தான் இத்தனை காலம் நிலைத்திருக்கிறது. ஆனால் சிறு பிள்ளைகளுக்காக எழுதும் கடல் பாடங்களில் அது அடிக்கடி காலை வாரிவிடும். ஆவலைக் கிளப்புவதற்காக, "கடலுக்கு அடியில் பசு மேய்வதைப் பார்த்திருக்கிறீர்களா?" என்று தொடங்குவார்கள். அந்த வரி பிள்ளையைக் கூப்பிடத்தான் வந்தது. சொல்ல வந்த செய்தி அடுத்த வரியில் இருக்கும். இன்னொரு பத்தியில் "ஆகவே", "இவ்வாறு" என்று தொடங்கும் கடைசி வரியில் இருக்கும். சில பத்திகளில் எழுதப்பட்டே இருக்காது, வாசிப்பவர்தான் சேர்த்துச் சொல்ல வேண்டும். முதல் வரிப் பழக்கம் ஊறிய பிள்ளை இந்த மூன்றிலும் தடுமாறும்.

"பேய்க்கணவாய்" என்று சொன்ன பெண் பாதி வேலையைச் சரியாகச் செய்திருக்கிறாள். எதைப் பற்றி என்று கண்டுபிடித்துவிட்டாள், அதைப் பற்றி என்ன சொல்கிறது என்பதற்குப் போகவில்லை. எழுவாயைச் சொல்லிவிட்டுப் பயனிலைக்கு முன்னால் நின்றிருக்கிறாள். ஒப்பிக்கும் பையனுக்கு எல்லா வரியும் ஒரே எடை. எதை விட்டாலும் மதிப்பெண் போய்விடும் என்ற பயம் அவனுக்கு. உங்கள் மகனோ எது தன்னை அதிகம் வியக்க வைத்ததோ அதுவே முக்கியம் என்று எடுத்துக்கொள்கிறான். கடல் பாடங்களில் இதுதான் மிகப் பெரிய இடர். மாட்டைப் பற்றிய பத்தியில் பிள்ளையின் கவனத்தைப் பறித்துக்கொண்டு ஓடும் செய்தி குறைவு. கடலிலோ வரிக்கு வரி அதிசயம். மூன்று இதயம், நீல நிற இரத்தம், எட்டுக் கைகள் என்று அடுக்கினால் எட்டு வயதுப் பிள்ளை வேறு எதை நினைவில் வைக்கும்? அந்த வியப்பை அணைத்துவிடாமல் அதற்குத் தனி இடம் கொடுக்க வேண்டும். எப்படி என்பதைக் கீழே சொல்கிறேன்.

தொடங்குவதற்கு முன் ஒன்றைச் சோதித்துவிடுங்கள். ஒவ்வொரு பிள்ளையையும் பத்தியைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். பத்துச் சொல்லில் ஒன்றுக்கு மேல் தடுக்கினால், அந்தப் பிள்ளைக்கு மையக்கருத்துப் பயிற்சியை அதன் சொந்த வாசிப்பில் வைக்காதீர்கள். எழுத்துக் கூட்டுவதிலேயே மனம் முழுவதும் செலவாகிவிடும், பொருளுக்கு மிச்சம் இராது. அந்தப் பிள்ளைக்கு நீங்கள் வாசித்துக் காட்டுங்கள், காதால் கேட்டுச் சொல்லட்டும். கேட்டுச் சொல்லும்போது சரியாகச் சொன்னால் சிக்கல் எழுத்தில் இருக்கிறது. அப்போதும் வரவில்லையென்றால் மட்டுமே மையக்கருத்தில் இருக்கிறது. அதே போல ஒரு பத்திக்கு மூன்று புதுச் சொல்லுக்கு மேல் வேண்டாம். "செவுள்", "செதில்", "நுரையீரல்" போன்றவற்றை வாசிப்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். செவுளையும் செதிலையும் சந்தையிலிருந்து வரும் எந்த மீனிலும் தொட்டுக் காட்டலாம்.

இனி தொடக்கம். முதல் இரண்டு நாளும் கடலும் வேண்டாம், புத்தகமும் வேண்டாம். அடுப்படியிலிருந்து ஒரு ஓலைக் கொட்டானில் தேன்குழல், சீப்புச் சீடை, அதிரசம் மூன்றையும் எடுத்து வாருங்கள். "இதெல்லாம் என்ன?" என்று கேட்டால் "பலகாரம்" என்பார்கள். அது 'எதைப் பற்றி'. அடுத்து, "இந்த மூணுக்கும் பொதுவா என்ன சொல்லலாம்?" என்று கேளுங்கள். இனிப்பு என்று ஒரு பிள்ளை சொல்லும். தேன்குழல் இனிப்பில்லையே என்று இன்னொரு பிள்ளை மறுக்கும். எண்ணெயில் பொரித்தவை என்று ஒன்று, அரிசி மாவில் செய்தவை என்று ஒன்று. இப்போது ஒரு லட்டை உள்ளே வையுங்கள். "எல்லாம் அரிசி மாவில் செஞ்சது" என்ற வாக்கியம் இனி நிற்காது, ஏனென்றால் லட்டு கடலை மாவு. லட்டை வெளியே எடுக்க வேண்டும், இல்லையென்றால் வாக்கியத்தை மாற்ற வேண்டும். இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள், பிள்ளைகள் சண்டை போடட்டும். உள்ளே இருக்கும் எல்லாவற்றுக்கும் பொருந்தும் முழு வாக்கியம், பொருந்தாத ஒன்றை வெளியே எடுப்பது என்ற இரண்டும் கைக்கு வந்துவிட்டால் பிறகு கடலில் இறங்கலாம்.

மூன்றாம் நாள் கடற்பசு. நம் கடற்கரையில் மீனவர்கள் ஆவுளியா என்று அழைக்கும் அதே விலங்கு. தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களை ஒட்டிய பாக் விரிகுடாவில் 2022 செப்டம்பரில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பை இதற்கான காப்பகமாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. எங்கோ தூர தேசத்து விலங்காக இல்லாமல் பக்கத்துக் கடலில் மேய்கிற ஒன்றிலிருந்து தொடங்குவது நல்லது.

ஏ4 தாளை நீளவாக்கில் ஐந்து கீற்றாக நறுக்கிக்கொள்ளுங்கள். ஒரு கீற்றில் ஒரு வாக்கியம். எழுத்து ஒன்றரை சென்டிமீட்டர் உயரமாவது இருக்கட்டும், ஐந்து பேர் சுற்றி உட்கார்ந்தால் எல்லார் கண்ணுக்கும் தெரிய வேண்டும். எண் போடாதீர்கள். எண் போட்டால் ஒன்றாம் எண்தான் விடை என்று நினைத்துவிடுவார்கள். இந்த ஐந்தையும் எழுதுங்கள்:

மூச்சு வாங்க நீர்மட்டத்துக்கு வருகிறது.
கடற்பசு கடலில் வாழ்ந்தாலும் மீன் அல்ல.
அதன் உடலில் செதில்கள் இல்லை.
குட்டி ஈன்று பால் கொடுக்கிறது.
செவுளால் அல்ல, நுரையீரலால் மூச்சு விடுகிறது.

கீற்றுகளைக் கலைத்து முகப்புத் தரையில் பரப்புங்கள். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையாக இருந்தால் இன்னும் வசதி, ஒரு கல்லுக்கு ஒரு கீற்று என்று ஒதுக்கலாம். எல்லாக் கீற்றையும் சேர்ந்து வாசித்த பிறகு, "இதுல எது மத்த நாலுக்கும் மூத்தது?" என்று கேளுங்கள். 'மையக்கருத்து' என்ற சொல்லை முதல் வாரம் எடுக்கவே வேண்டாம். மூத்த வரி என்றால் போதும்.

பிள்ளைகள் எதையாவது காட்டுவார்கள். சரி, தவறு என்று நீங்கள் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். அதைச் சோதிக்கும் கேள்வி ஒன்று இருக்கிறது: "எப்படிச் சொல்றே?" மூத்த வரியைச் சொன்னதும் இந்தக் கேள்வியைப் போட்டால், மற்ற நான்கு வரியும் பதிலாக வந்து நிற்க வேண்டும். இப்படி நடக்கும்:

"குட்டி ஈன்று பால் கொடுக்கிறது. இதான் மூத்தது."

"சரி, மேல வை. குட்டி போட்டுப் பால் கொடுக்குதுன்னு எப்படிச் சொல்றே?"

"ஏன்னா... அதுக்குச் செதில் இல்ல."

"செதில் இல்லாட்டிப் பால் கொடுக்குமா?"

"இல்ல."

"அப்ப வேற ஒண்ண மேல வச்சுப் பாரு."

"கடற்பசு மீன் இல்ல."

"எப்படிச் சொல்றே?"

"நுரையீரல்ல மூச்சு விடுது. குட்டி போடுது, பால் குடுக்குது. செதில் இல்ல. மூச்சு வாங்க மேல வருது."

கடைசிப் பதிலில் பிள்ளை ஒரே மூச்சில் நான்கு கீற்றையும் தொட்டுக்காட்டும். அந்தத் தருணத்தில் அதன் முகத்தைப் பாருங்கள், உங்கள் விளக்கம் எதுவும் தேவைப்படாது. மேலே வைத்த கீற்று மேலேயே இருக்கட்டும், மற்ற நான்கையும் அதன் கீழே வரிசையாக நிறுத்தச் சொல்லுங்கள். வளவில், அதாவது வீட்டின் உள்முற்றத்தில், தூண்கள் கூரையைத் தாங்குவது தினமும் பார்க்கும் காட்சிதான், அதைச் சொன்னால் பிடித்துக்கொள்வார்கள். ஒரு தூணை உருவினாலும் கூரை நிற்கும். 'செதில் இல்லை' என்ற கீற்றை எடுத்துவிட்டாலும் கடற்பசு மீன் அல்ல என்பது நிற்கிறது. கூரையை எடுத்தாலோ தூண்கள் எதைத் தாங்குகின்றன என்றே தெரியாது. ஒவ்வொரு கீற்றாக எடுத்தும் வைத்தும் காட்டுங்கள். ஒப்பிக்கும் பையனுக்கு இந்தப் பயிற்சியைத்தான் அதிகம் தர வேண்டும். விட்டுவிட்டாலும் ஒன்றும் இடிந்துவிடாது என்று அவன் கண்ணால் பார்த்தாக வேண்டும்.

ஐந்து பிள்ளைக்கும் ஒரே கீற்றுகள் போதும், வேலை மட்டும் வேறு. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எதைப் பற்றி என்று சொல்லிப் படம் வரையட்டும். இரண்டு, மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் மூத்த வரியைத் தேடட்டும். நான்காம் வகுப்புப் பையன் மூத்த வரியைத் தன் சொல்லில் புதிதாகச் சொல்லட்டும். அவனுக்கு ஒரு கட்டுப்பாடு: ஒரு கை விரலுக்குள் சொல்ல வேண்டும், மிஞ்சினால் இன்னும் இரண்டு விரல். நம் மொழியில் வேற்றுமை உருபெல்லாம் சொல்லோடு ஒட்டிக்கொள்வதால் ஐந்தாறு சொல்லில் முழுச் செய்தி அடங்கிவிடும். விரல் மடக்கி எண்ணும்போது ஒப்பிக்க முடியாது, பொறுக்கித்தான் ஆக வேண்டும்.

ஒரு நாளைக்கு இருபது நிமிடம், வாரத்துக்கு மூன்று நாள், ஒரு பத்தியை இரண்டு நாள் வைத்துக்கொள்ளலாம். தனித்தனியாக வாசிக்கக் கொடுக்கும்போது ஒன்றாம் வகுப்புக்கு மூன்று வாக்கியப் பத்தி, இரண்டுக்கு நான்கு, மூன்றாம் வகுப்புக்கு ஐந்து அல்லது ஆறு. அதற்கு மேல் நீட்டினால் மையம் கைக்கு வருவதற்குள் தலை மறந்துவிடும்.

அடுத்தது உங்கள் மகனுக்கான பாடம், பேய்க்கணவாய். சந்தையில் வாங்கும் கணவாய்க்கு உறவு. பத்துக் கைகள் கொண்ட கணவாயைப் போல இல்லாமல் இதற்கு எட்டே கைகள். கீற்றுகள் இவை:

பேய்க்கணவாய் எதிரியைக் கண்டால் மையைப் பீய்ச்சுகிறது.
தோலின் நிறத்தைப் பாறையைப் போல மாற்றிக்கொள்கிறது.
எலும்பு இல்லாததால் சிறு பொந்துக்குள்ளும் நுழைந்து ஒளிகிறது.
அதற்கு மூன்று இதயங்கள் உண்டு.

இந்த நான்கில் மூத்த வரியே இல்லை. வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். நான்காவது கீற்றைப் பலகாரக் கொட்டானில் வைத்த லட்டைப் போலச் சேர்த்திருக்கிறேன். இரண்டு கொட்டான் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று 'ஒத்துவரும் கொட்டான்', மற்றது 'அதிசயக் கொட்டான்'. உங்கள் மகன் கட்டாயம் மூன்று இதயத்தைத்தான் முதலில் தூக்குவான். "அது முக்கியமில்லை" என்று சொல்லிவிடாதீர்கள். அவனுக்கு அது முக்கியம்தான். "பெரிய அதிசயம்தான். அந்தக் கொட்டான்ல பத்திரமா வை. பாடம் முடிஞ்சதும் அதப் பத்திப் பேசலாம்" என்று சொல்லுங்கள். சொன்னபடி பாடம் முடிந்ததும் பேசவும் வேண்டும். இரண்டு இதயங்கள் செவுள்களுக்கு இரத்தம் அனுப்பும், மூன்றாவது உடம்பு முழுவதற்கும் அனுப்பும். நம் இரத்தத்தில் இரும்பு இருப்பதால் சிவப்பு, அதன் இரத்தத்தில் செம்பு இருப்பதால் நீலம். வாக்குத் தவறினால் அடுத்த முறை கீற்றை அந்தக் கொட்டானில் போட மாட்டான், இறுக்கிப் பிடித்துக்கொள்வான்.

இப்போது மூன்று கீற்றுதான் மிச்சம். "இந்த மூணும் எதுக்காகப் பண்ணுது?" என்று கேளுங்கள். மை எதற்கு, நிறம் மாறுவது எதற்கு, பொந்தில் நுழைவது எதற்கு என்று தனித்தனியாகக் கேட்டால் மூன்றுக்கும் ஒரே பதில்தான் வரும்: தப்பிக்க. அந்தப் பதிலை வெற்றுக் கீற்றில் எழுதச் சொல்லுங்கள். "பேய்க்கணவாய் பல வழிகளில் எதிரியிடமிருந்து தப்பிக்கிறது." பிறகு "எப்படிச் சொல்றே?" சோதனை. மூன்று கீற்றும் பதில் சொல்லும். மூன்று இதயம் பதில் சொல்லாது, ஏனென்றால் இதயம் மூன்று இருப்பதால் எதிரியிடமிருந்து தப்பிப்பதாக இந்தப் பத்தி சொல்லவில்லை. மகன் தானாகவே அதைக் கண்டுகொள்வான். எழுதப்படாத மூத்த வரியைப் பிள்ளை தானாகச் செய்வது கடினமான படி. இதற்கு ஐந்தாறு வாரம் பிடித்தாலும் கவலைப்பட வேண்டாம்.

கடைசி வரியில் மையம் இருக்கும் பத்திக்கு ஆமை நன்றாக வரும். பங்குனி ஆமை இரவில் கரையேறி, மணலில் குழி தோண்டி, நூறு முட்டைக்கு மேலும் இடும். குழியை மணலால் மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்பிவிடும். 45 முதல் 60 நாளுக்குள் குஞ்சுகள் தாமாக வெளிவந்து கடலை நோக்கி ஓடும். ஆகவே ஆமைக் குஞ்சு பிறந்தது முதல் தாயின் துணையின்றியே வாழ்கிறது. இதைக் கீற்றாக்காமல் நீங்கள் வாசித்துக் காட்டுங்கள். "ஆகவே" வந்ததும் கை தூக்கச் சொல்லுங்கள். அவ்வளவு போதும்.

கேட்டால் எல்லாப் பத்திக்கும் பொருந்தும் ஒரு விடையைச் சில பிள்ளைகள் கற்றுக்கொண்டுவிடும்: "கடல்ல நிறைய அதிசயம் இருக்கு." கேட்க நன்றாக இருக்கும், மையக்கருத்து ஆகாது. வீட்டில் எனாமல் தூக்குகள் இருந்தால் இரண்டு மூன்று அளவில் எடுத்து, மூடிகளை மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டுங்கள். பெரிய தூக்கின் மூடி சின்னத் தூக்கில் உட்காராது, ஆடும். சின்ன மூடி பெரிய தூக்குக்குள் விழுந்துவிடும். "கடலில் அதிசயங்கள் உண்டு" என்பது பெரிய மூடி. ஆமைக்கும் போடலாம், கடற்பசுவுக்கும் போடலாம், எதற்கும் சரியாக உட்காராது. "மூன்று இதயம்" சின்ன மூடி, ஒரு வரியை மூடும், மற்றவை திறந்தே கிடக்கும். பிள்ளைகள் இதைப் பிடித்துக்கொண்டால், அதன்பின் நீங்கள் "மூடி ஆடுதே" என்றாலே புரிந்துகொள்வார்கள்.

இன்னொரு தவறும் வரும், எச்சரித்துவிடுகிறேன். தொலைக்காட்சியில் பார்த்ததைப் பத்தியின் மேல் ஏற்றிச் சொல்வார்கள். பத்தி திமிங்கிலம் எழுப்பும் ஒலியைப் பற்றி இருக்கும். பிள்ளை "திமிங்கிலம்தான் ரொம்பப் பெருசு" என்று சொல்லும். உண்மைதான், நீலத் திமிங்கிலம் 30 மீட்டர் வரைகூட வளரும். ஆனால் அந்தப் பத்தி அதைச் சொல்லவில்லை. "எந்தக் கீற்றுல இருக்கு, தொட்டுக் காட்டு" என்று கேளுங்கள், வாதம் வேண்டாம். தொட முடியாதது அதிசயக் கொட்டானுக்குப் போகட்டும்.

நான்காம் வகுப்புப் பையனுக்கு ஒரு படி மேலே வேலை வேண்டும். தமிழில் கடல் உயிர்களுக்கு நாம் வைத்திருக்கும் பெயர்களே அதற்கு நல்ல தீனி. நட்சத்திர மீன் என்கிறோம், அது மீன் அல்ல, முதுகெலும்பும் கிடையாது. சொறி மீன் என்கிறோம், அதற்கு எலும்பும் மூளையும் இதயமும் இல்லை. கடல் அட்டை அட்டை இனம் அல்ல, நட்சத்திர மீனுக்குச் சொந்தம். கடற்பசு பசு அல்ல. கடல் குதிரையோ குதிரையும் இல்லை, உண்மையில் அது மீன்! செவுளால் மூச்சு விடும், துடுப்பு உண்டு, ஆண்தான் வயிற்றுப் பையில் முட்டைகளைச் சுமந்து குஞ்சுகளை வெளிவிடும். ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறு பத்தி எழுதி, ஒவ்வொன்றின் மூத்த வரியையும் அவன் கண்டுபிடிக்கட்டும். கடைசியில் ஐந்து மூத்த வரிகளையும் அடுத்தடுத்து வைத்து, "இந்த அஞ்சுக்கும் மூத்தது யாரு?" என்று கேளுங்கள். "கடல் உயிர்களின் பெயரை வைத்து இனத்தை முடிவு செய்யக் கூடாது" என்பதுபோல ஒன்று அவன் வாயிலிருந்து வரும். பத்தியின் மையத்திலிருந்து பாடம் முழுவதன் மையத்துக்கு ஏறும் படி இது. மேல் வகுப்பில் சுருக்கி எழுதுவதற்கு இதுவே அடித்தளம்.

தேர்வில் "பொருத்தமான தலைப்புத் தருக" என்று கேட்பார்கள். மூத்த வரியைக் கண்டுபிடித்த பிள்ளைக்கு இது எளிது, வாக்கியத்தைத் திருப்பிப் போட்டால் போதும். "கடற்பசு மீன் அல்ல" என்பதை "மீன் அல்லாத கடற்பசு" என்று மாற்றலாம். "பேய்க்கணவாய் தப்பிக்கிறது" என்பது "தப்பிக்கும் பேய்க்கணவாய்" ஆகும். பயனிலையை முன்னால் கொண்டுவந்து பெயரோடு சேர்த்தால் தலைப்பு. இதைப் பெயரெச்சம் என்று இப்போதே சொல்லத் தேவையில்லை. இரண்டு மூன்று முறை வாயால் திருப்பிச் சொன்னால் காதே பழகிவிடும். ஒரு சொல்லில் நின்றுவிடும் அந்தப் பெண்ணுக்கு இது மிகவும் உதவும், தலைப்பில் பயனிலை இருந்தே தீர வேண்டும் என்று கை தானாகத் தேடும்.

விடைத்தாளில் ஆசிரியர் முதல் வரியை எதிர்பார்த்தால் என்ன செய்வது என்று உங்களுக்குத் தோன்றும். முதல் வரி மூத்த வரியாக இருக்கும் பத்தியில் பிள்ளையும் அதைத்தான் எழுதும், சிக்கல் இல்லை. இல்லாத பத்தியில் பிள்ளை சரியாக எழுதி மதிப்பெண் குறைந்தால், கீற்று வைத்துக் காட்டியதைப் போலவே ஆசிரியரிடம் மரியாதையாகக் காட்டலாம். "எப்படிச் சொல்றே?" என்ற கேள்விக்கு அவரும் ஒத்துக்கொள்வார்.

கடலைப் பார்க்காத பிள்ளைகள் என்றீர்கள். பாடத்தை அதற்காக நிறுத்தி வைக்க வேண்டாம். நண்டு வாங்கும் நாளில் சமையலுக்கு முன் ஒரு கால் மணி நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். நீலக்கால் நண்டு கிடைத்தால் நல்லது. பெரிய தட்டில் வைத்து முதலில் கால்களை எண்ணச் சொல்லுங்கள், கொடுக்கையும் சேர்த்துப் பத்து வரும். கடைசி ஜோடிக் கால்கள் மற்றவற்றைப் போல ஊசியாக இராமல் துடுப்பைப் போலத் தட்டையாக இருப்பதைத் தொட்டுப் பார்க்கட்டும், அதை வைத்துத்தான் நீந்துகிறது. ஓட்டின் இரு பக்கமும் நீண்ட முள் ஒவ்வொன்று இருக்கும். திருப்பிப் போட்டால் வயிற்று மடல் தெரியும். ஆணுக்குக் குறுகல், பெண்ணுக்கு அகலம், அதில்தான் முட்டைகளைத் தாங்கும். பிள்ளைகள் சொல்வதை அப்படியே நான்கைந்து கீற்றில் எழுதுங்கள். கொடுக்கு இரையைப் பிடிக்க, தட்டைக்கால் நீந்த, முள் தற்காக்க, அகன்ற மடல் முட்டை சுமக்க. இப்போது "எதைப் பற்றி? அதைப் பற்றி என்ன?" என்று இரண்டு கேள்வி. "நண்டோட ஒவ்வொரு உறுப்புக்கும் ஒரு வேல இருக்கு" என்று வந்தால், தாங்களே பார்த்து, தாங்களே எழுதி, தாங்களே மையம் கண்ட பத்தி அது. அச்சடித்த எந்தப் பாடமும் இதற்கு ஈடாகாது. முள் குத்தும், சிறியவர்களின் கையைப் பிடித்துத் தொட வையுங்கள்.

முடிந்தால் ஒரு விடுமுறை நாளில் தொண்டிக்குப் போய் வாருங்கள், தேவகோட்டைக்கு அதுதான் பக்கத்துக் கடல். காலையிலேயே படகு கரை சேரும் நேரத்துக்குப் போனால் வலையிலிருந்து பிரிப்பதைப் பார்க்கலாம். நோட்டுப் புத்தகம் வேண்டாம், பத்து வெற்றுக் கீற்றும் ஒரு பென்சிலும் போதும். அங்கே எதையும் எழுதச் சொல்லி நெருக்காதீர்கள், வண்டியில் திரும்பும்போது ஆளுக்கு இரண்டு வாக்கியம் சொல்லட்டும், நீங்கள் எழுதுங்கள். மறுநாள் முகப்பில் அந்தப் பத்தையும் பரப்பி வையுங்கள். பத்தில் மூன்றோ நான்கோ ஒன்றுக்கொன்று ஒட்டாமல் நிற்கும். அவற்றுக்கு இன்னொரு கொட்டானையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.